முள் தெரியாத இரவுகள்

நம்மிடம் ஒரு மாருதி 800 இருக்கிறது. 1997இல் தந்தையார் வாங்கியது. நிறம் வெள்ளை, இப்போது அதை வெள்ளை என்று சொல்வது பழைய மரியாதைக்காக. பகலில் அதன்மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும்தான் சங்கடம் தொடங்கும். வெளியே சாலை தெரியும். உள்ளே மீட்டர் போர்டு தெரியாது. வேகத்தைக் காட்டும் எண்கள், பெட்ரோல் முள், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் எல்லாம் பாசி பிடித்த குளத்தின் அடியில் கிடக்கும் காசுகளைப்போல, இருக்கின்றன என்ற நம்பிக்கையை மட்டும் தந்துகொண்டு கிடக்கும்.

இந்த மங்கலோடு பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டோம். பழகிய குறை குறையாகத் தெரியாது என்பதற்கு நம் வண்டியே சான்று. வேகம் என்னவென்று அறிய வேண்டுமானால் கியரையும் இன்ஜின் சத்தத்தையும் வைத்து ஊகித்துக்கொள்வோம். பெட்ரோல் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் கைப்பேசியை எடுத்து அதன் வெளிச்சத்தை மீட்டர் போர்டின்மேல் அடித்துப் பார்ப்போம். உடன் வரும் நண்பர்கள், "கோயில் கருவறையில் கற்பூரம் காட்டுவதுபோல் இருக்கிறது" என்பார்கள். நாமும் சிரித்துக்கொள்வோம்.

சிரிப்பு ஓர் இரவில் நின்றுபோனது. கோவையில் உறவினர் வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு அம்மாவுடன் கோபிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நம்பியூர் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் இல்லை. முள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும், நாம்தான் கேட்கவில்லை. மணி பத்து. சாலையோரம் எழுபது வயதுத் தாயாரைக் காரில் உட்காரவைத்துவிட்டு, அவ்வழியே மொபெட்டில் வந்த ஒருவரின் இரக்கத்தால் ஒரு தண்ணீர்ப் புட்டியில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றி வீடு சேர்ந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், "ஏன் சாமி, அந்த வெளக்க எரியவெக்க ஆளே கெடைக்கலியா?" என்றார். அன்றே முடிவு செய்தோம்.

வண்டியை விற்றுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது. 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது. தனியார் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி கட்ட வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வண்டியின் விலையைவிட அதை வைத்திருப்பதன் விலை கூடுதல். ஆனால் தந்தையார் 2019இல் மறைந்த பிறகு, அவர் கைபட்ட பொருள்களில் இன்னும் தினமும் இயங்கிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது.

டாஷ்போர்டு என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. ஐரோப்பியக் குதிரை வண்டிகளில், ஓடும் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர்மேல் தெறிக்காமலிருக்க முன்னால் ஒரு பலகை அடித்திருப்பார்கள். அந்தப் பலகைக்குத்தான் முதலில் அப்பெயர். குதிரை போன பிறகும் பலகை தங்கிவிட்டது. சேறு தடுத்த இடத்தில் மானிகள் குடியேறின. நம் பக்கத்து மாட்டு வண்டிக்கு மானி எதுவும் இல்லை. ஆனால் விளக்கு உண்டு. அந்த அரிக்கேன் விளக்கை வண்டிக்காரர் தம் முகத்துக்கு நேரே மாட்டமாட்டார். வண்டிக்கு அடியில், அச்சின் பக்கம் தொங்கவிடுவார். வெளிச்சம் தரைக்கு விழும், பின்னால் வருபவருக்குத் தெரியும், ஓட்டுபவர் கண்ணில் படாது. சிறுவயதில் இதைப் பார்த்தபோது, விளக்கை இப்படி வீணாக அடியில் கட்டுகிறார்களே என்று எண்ணியிருக்கிறோம். அதன் பொருள் விளங்க நமக்கு நாற்பது வயதைக் கடக்க வேண்டியிருந்தது.

முதலில் போனது கோவையில் காருக்கு அலங்காரப் பொருள் விற்கும் கடை ஒன்றுக்கு. பையன் ஒருவன் சுறுசுறுப்பாக வந்தான். ஸ்டீயரிங்குக்கு மேலிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, பின்னாலிருந்த ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்து, மீட்டர் போர்டை வெளியே இழுத்தான். பழைய பல்புகளைத் திருகி எடுத்து ஒரு பாலிதீன் பையில் போட்டு நம்மிடம் கொடுத்தான். அவை இருந்த இடங்களில் எல்இடி விளக்குகளைச் செருகினான். ஒன்று எரியவில்லை, திருப்பிச் செருகினான், எரிந்தது. எல்இடிக்கு மின்சாரம் ஒரு திசையில்தான் பாய வேண்டும். இழை பல்புக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. சுவிட்சைப் போட்டதும் மீட்டர் போர்டு நீலமும் வெள்ளையுமாகப் பளீரென்று எழுந்து நின்றது. இருபது ஆண்டுக்கு மேலாகக் கண்டிராத எண்கள் எல்லாம் கண்ணில் அறைந்தன. பையனுக்குத் தேநீருக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த நீலத்தின் வரலாறு எளியதன்று. சிவப்பு எல்இடி 1960களிலேயே வந்துவிட்டது, பச்சையும் தொடர்ந்தது. நீலம் மட்டும் முப்பதாண்டு காலம் கைக்கு எட்டவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. ஜப்பானியரான அகாசாகி, அமானோ, ஜப்பானில் பிறந்து பின்னர் அமெரிக்கரான நாகமுரா ஆகிய மூவரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீலம் கிடைத்தது. அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும். இந்தக் கண்டுபிடிப்புக்காக மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசில் ஒரு துளி நம் மாருதிக்குள்ளும் வந்துவிட்டது என்று இரண்டு நாள் பெருமைப்பட்டோம்.

மூன்றாம் நாள் இரவு ஈரோட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா பக்கத்து இருக்கையில். சித்தோடு தாண்டி, கவுந்தப்பாடியும் தாண்டிவிட்டோம். இருபுறமும் வயல், தெருவிளக்கு இல்லாத இடம். மீட்டர் போர்டின் நீலம் முன்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஒரு படலமாக ஏறி நின்றது. நாம் அடிக்கடி முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தோம். தெரிவதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மணிக்கு அறுபது. பெட்ரோல் பாதி. சூடு சரி. மறுபடி அறுபது.

"சாமி! வண்டி நிக்குது பாரு, வண்டி!"

அம்மா கத்திய பிறகே நமக்குத் தெரிந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் பழுதாகிச் சாலையிலேயே நின்றிருந்தது. பின்விளக்கு இல்லை. ஓட்டிவந்தவர் நாலைந்து கரும்புத் தோகையை ஒடித்துப் பின்னால் அடையாளமாகப் போட்டிருந்தார். பிரேக்கை மிதித்து, வண்டி குறுக்கே இழுபட்டு, நீட்டிக்கொண்டிருந்த கரும்பு நுனிகள் முன்கண்ணாடியில் உரசும் தூரத்தில் நின்றது. சற்று நேரம் இருவரும் பேசவில்லை. கண்புரை அறுவை செய்துகொண்ட எழுபது வயதுக் கண்ணுக்குத் தெரிந்தது, ஓட்டிவந்த நமக்குத் தெரியவில்லை. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நாம் விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பின் இதைப் பற்றித் தேடிப் படித்தோம். நம் விழித்திரையில் இருட்டில் பார்ப்பதற்கென்று தனி அணுக்கள் இருக்கின்றன. அவை முழுமையாக விழித்துக்கொள்ள அரைமணி நேரம் ஆகும்; பிரகாசமான ஒளி பட்டால் நொடிகளில் அந்த விழிப்பு கலைந்துவிடும். நீலமும் பச்சையும் அவற்றைப் பெரிதும் தாக்கும். ஆழ்ந்த சிவப்பு அவற்றை ஏறக்குறைய தொடாது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களிலும் கப்பல்களிலும் கருவிகளுக்குச் சிவப்பு விளக்கு வைத்தது இதனால்தான். நாமோ, அந்த அணுக்களுக்கு மிகவும் ஆகாத நிறத்தைக் கண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில் ஏற்றிவைத்துவிட்டு, அதைத் திருத்தம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கோபியிலேயே, தந்தையார் வழக்கமாகப் போகும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். அறுபதைக் கடந்தவர். முதலில் அவரிடம் போகாமல் கோவைக்குப் போனதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்.

"ஏனுங் சார், இது காருங்களா, நோம்பிக்கு சீரியல் செட்டுப் போட்ட பந்தலுங்களா?"

"முன்னால் ஒன்றுமே தெரியவில்லைங்ணா. அதனால்தான்."

"ஏன் தெரியலேன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மங்கலுக்கு மருந்து வெளிச்சம் என்று எண்ணினோமே தவிர, மங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. "பழைய பல்பு வெச்சிருக்கறீங்களா?" என்றார். நல்லவேளையாக அந்தப் பாலிதீன் பை காரிலேயே கிடந்தது. அதை ஓரமாக வைத்துக்கொண்டு, எல்இடிகளைப் பிடுங்கிவிட்டு, தம் பெட்டியிலிருந்து புதிய இழை பல்புகளை எடுத்துச் செருகினார். சிறு கட்டைவிரல் நகம் அளவுக் கண்ணாடி. பன்னிரண்டு வோல்ட், மூன்று வாட்டுச் சில்லறை. எரிந்தன, ஆனால் சோர்ந்த மஞ்சளாக. புது பல்பும் மங்கல்தான்.

இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் பதினான்கு வோல்ட். பல்பில் பன்னிரண்டு. நடுவில் இரண்டு வோல்ட்டைக் காணோம். ஒரு முனையை மீட்டர் போர்டின் எர்த் ஒயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தார். காணாமற்போன இரண்டு வோல்ட் அங்கே இருந்தது. மீட்டர் போர்டிலிருந்து வரும் கறுப்பு ஒயரை உடம்புத் தகட்டோடு முடுக்கியிருந்த திருகைச் சுற்றித் துரு. "கரண்டு போறதுக்கு வழி இருக்குதுங். திரும்பி வர்றதுக்கு வழியில்லைங். ஹெட்லைட் போட்டா பெட்ரோல் முள்ளு லேசா அசையுமே, கண்டிருக்கறீங்களா?" கண்டிருக்கிறோம். அதை வண்டியின் சுபாவம் என்று எண்ணியிருந்தோம்.

பதினான்கில் இரண்டு குறைந்தால் ஏழில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றலாம். இழை பல்பின் கணக்கு அப்படியன்று. அதன் ஒளி வோல்ட்டின் மூன்று மடிப் பெருக்கத்தையும் தாண்டிய விகிதத்தில் ஏறி இறங்கும். ஏழில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் ஒளியில் நாற்பது சதவீதம் போய்விடும். எல்இடி மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவதால் அந்தத் துருவைப் பொருட்படுத்தாமல் எரிந்தது. அதாவது நோயை அப்படியே விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும் பவுடர் பூசியது. உப்புத்தாள் போட்டுத் தகட்டைத் தேய்த்து, ஒயர் முனையைப் புதிதாக்கி முடுக்கினார். பல்புகள் நிமிர்ந்தன. நீலம் இல்லை, பளபளப்பு இல்லை. முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது.

"எல்இடி வெக்கவே கூடாதா?" என்று கேட்டோம். வைக்கலாம் என்றார், மஞ்சள் சாயலில், குறைந்த வெளிச்சத்தில் இருப்பதைத் தேடி வைக்கலாம். "ஆனா பேட்டரிப் படம் போட்ட சார்ஜ் லைட்ட மட்டும் தொட்றாதீங். அந்த பல்பு வழியாப் போற கரண்டுதான் ஆல்டர்னேட்டரத் தட்டி எழுப்புது. அங்க எல்இடி போட்டா அது எந்திரிக்காதுங்." பல பழைய வண்டிகளில் அமைப்பு அப்படித்தான். எரிந்து அணைவதற்கென்றே இருப்பதாக நாம் எண்ணும் ஒரு சிறு விளக்கு, மின்சாரம் பிறக்கவே காரணமாக இருக்கிறது.

கிளம்பும்போதுதான் அவர் அந்தப் பாலிதீன் பையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு பல்பை எடுத்து பிளேடு முனையால் சுரண்டினார். கறுத்த பழுப்பு உதிர்ந்து, அடியில் பச்சை தெரிந்தது. மேலும் சுரண்டியதும் தெளிந்த கண்ணாடி வந்தது.

"கம்பெனிப் பச்சை இல்லைங் சார் இது. யாரோ வேணும்னே பெயின்ட் அடிச்சிருக்காங்க. ரெண்டு பூச்சு."

நாமும் ஒரு பல்பைக் கையில் வாங்கிப் பார்த்தோம். அந்தப் பச்சை நமக்குத் தெரிந்த பச்சை. மாட்டுப் பொங்கலுக்கு ஆண்டுதோறும் எருதுகளின் கொம்புக்கு அடித்த பச்சை. மீதமானதைத் தகர டப்பாவில் மூடி ஆலைக்கொட்டகையின் எரவாணத்தில் செருகிவைப்பார் தந்தையார். பல்பின் சூட்டில் அது ஆண்டுக்காண்டு கருகிக்கொண்டே வந்திருக்கிறது. எர்த் துருப்பிடித்தது ஒரு பக்கம். இது ஒரு பக்கம். நாம் பழுது என்று எண்ணியதில் பாதி, ஒருவர் உட்கார்ந்து கையால் செய்த வேலை.

அம்மாவிடம் பல்பைக் காட்டினோம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இதா? உங்கய்யன் அடிச்சதுதான். அந்த வெளிச்சம் அவுருக்கு ஆகலே. கண்ணு கூசுதுன்னாரு. கழட்டி வெச்சு, வாசல்ல உக்காந்து பொறுமையா அடிச்சாரு."

"எப்போது?"

"புரை வந்தப்பக் கண்ணு. ரெண்டு வருசம் ஆருகிட்டயும் சொல்லலே. உன்ற கண்ணாலம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னுட்டாரு. எனக்கே ஒரு நா சோத்துல கல்லு தெரியாமக் கடிச்சப்பத்தான் தெரியும்."

நம் திருமணம் 2008இல். அந்த ஆண்டு இறுதியில் தந்தையார் கோவைக்குப் போய் அறுவை செய்துகொண்டு வந்தார். அப்போதுதான் நமக்குத் தெரியும். அதற்கு முந்திய இரண்டாண்டுகள் நாம் கோவையில் ஒரு கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தோம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து பேருந்து ஏறினால் கோபி வந்து சேர இரவு பத்தாகிவிடும். பேருந்து நிலையத்துக்கு வெளியே வெள்ளைக் கார் நிற்கும். தந்தையார் கதவில் சாய்ந்து நிற்பார். ஊர் கொடிவேரி வழியில், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி. வாய்க்கால் ஓரச் சாலையில் இரவில் மூடுபனி இறங்கும். அவர் மிக மெதுவாக ஓட்டுவார். நாம் பின்னால் சாய்ந்துகொண்டு, "மாட்டு வண்டியே முந்திவிடும்போல் இருக்கிறதே" என்று கேலி செய்வோம். "அவசரம் என்ன, வீடு எங்கயும் போயிறாது" என்பார். அந்த மெதுவை நாம் வயதின் நிதானம் என்று எண்ணினோம். சிலமுறை அலுப்பில் உறங்கியும் போனோம்.

கண்புரை வந்தவருக்கு இரவு வண்டி ஓட்டுவதுதான் முதலில் கைவிட்டுப் போவது. விழியாடி கலங்கிவிட்டால், உள்ளே வரும் ஒளி நேராகப் போகாமல் சிதறும். எதிரே ஒரு விளக்கு வந்தால் பார்வை முழுவதும் வெண்மூட்டமாகிவிடும். அருகிலிருக்கும் சிறு விளக்குகூடத் தொல்லைதான். எதிரே வரும் லாரியின் விளக்கை அவரால் மங்கச் செய்ய முடியாது. தம் கைக்கெட்டிய விளக்கை மட்டும் மங்கச் செய்துகொண்டார். முகப்பு விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பது எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க என்று நமக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பொட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

இதை உருக்கமாக எழுதி முடித்துவிடலாம். ஆனால் அது உண்மையாகாது. அவர் செய்தது தவறு. கண் தெரியாமல் இரவில் காரோட்டியது அவருக்கு மட்டும் ஆபத்தில்லை. வாய்க்காலோரம் சைக்கிளில் வந்தவர்களுக்கும், உறங்கிக்கொண்டு வந்த நமக்கும் ஆபத்து. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாம் கோபியிலிருந்து நகரப் பேருந்தில் வந்திருப்போம், விடியற்காலையில் வந்திருப்போம். சொல்லவில்லை. மகன் இறங்கும்போது கார் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குக்காக அவர்மீது நமக்குக் கோபம் வருகிறது. கோபப்பட ஆள் இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் சரிசெய்த அன்றிரவு, சின்ன எண்கள் நமக்கு இன்னமும் தெளிவாகத் தெரியவில்லை. துரு போயிற்று, பச்சை போயிற்று. மங்கலில் ஒரு பங்கு மீதமிருந்தது. அது நம்முடையது. ஓராண்டாகவே விடைத்தாளைக் கை நீட்டிப் பிடித்துத்தான் திருத்திவந்தோம். தாளின் அச்சு சரியில்லை, மாணவர் கையெழுத்து சரியில்லை, வகுப்பறை விளக்கு சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டும் இருந்தோம்.

இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்ற அழகான பெயர் உண்டு; எழுத்து வெளுத்துப்போவதாகத் தோன்றும் நோய். சாளேசரம் என்று இன்னொரு பெயரும் உண்டு. நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. கன்னடத்திலும் இதற்குச் சாளீசு என்றே பெயர். தெலுங்கின் சத்வாரமும் நாற்பதுதான். இத்தனை மொழிகள் கூடி வயதைச் சொல்லியே பெயர் வைத்திருக்கும்போது, தமிழ் இலக்கியம் படித்துவிட்டு அதையே கற்பிக்கும் நாம், அது நமக்கு வராது என்று இருந்தோம். கண்ணுக்குள் நுழையும் ஒளியும் வயதோடு குறைந்துகொண்டே போகிறது. அறுபது வயதில் விழித்திரையைச் சேர்வது, இருபது வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. தந்தையாருக்கு விளக்கு கூடிப்போயிற்று, நமக்குக் குறைந்துபோயிற்று. விளக்கு அதேதான்.

ஓலைச்சுவடி படித்தவர்கள் எழுத்து தெரியவில்லையென்றால் விளக்கைத் தூண்டிக்கொண்டே போகவில்லை. எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மையைத் தடவித் துடைத்தார்கள். ஓலை வெளுப்பாக நிற்க, எழுத்து கறுத்து எழுந்தது. அந்த வழியையே பின்பற்றினோம். மீட்டர் போர்டைத் திறந்திருந்தபோதே உட்கூட்டின் பழுத்த வெள்ளையைத் துடைத்துப் புதிதாக வெள்ளை அடித்துத் தந்தார் எலக்ட்ரீஷியன். முன்னாலிருந்த பிளாஸ்டிக் மூடியின் கீறல்களை மெருகுப் பசை போட்டுத் தேய்த்தார். பல்பு அதே மூன்று வாட்டுதான். மொத்தச் செலவு, கோவையில் நீல விளக்குக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. மறுவாரம் கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடி எழுதி வாங்கினோம். அது கைக்கு வரும்வரை இரவில் வண்டியை எடுக்கவில்லை. கல்லூரியில் ஒரு கூட்டம் இரவு நீண்டபோது, வீட்டுக்குத் தொலைபேசியில், "கண் சரியாகத் தெரியவில்லை, பேருந்தில் வருகிறேன்" என்றோம். சொல்வதற்கு எளிய வாக்கியமாகத்தான் இருந்தது.

சுரண்டாத பல்பு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறோம், மேசை இழுப்பறையில், பழைய பேனாக்களோடு. வெயிலில் பிடித்தால் கருகிய விளிம்பில் இன்னும் கொஞ்சம் பச்சை தெரிகிறது. தூரிகையின் தடம்கூடத் தெரிகிறது. ஒரே சீராக, மேலிருந்து கீழே.

சென்ற வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு இரவில் சத்தியமங்கலத்திலிருந்து திரும்பினோம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். புதுக் கண்ணாடிக்குக் கீழே முள் தெரிந்தது, மணிக்கு நாற்பது. மேலே சாலை தெரிந்தது. "ஏன் சாமி, இவ்வளவு மெதுவாப் போறே?" என்றார் அம்மா.

வீடு எங்கும் போய்விடாது என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.